பட்டியலில் இல்லாத பெயர்

கூடைப்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். அவர்களில் சிலர் முன்கள வீரர்கள். அமெரிக்காவின் டங்கன் ராபின்சன் அப்படி ஒரு வீரர்.

2013-ல் அவர் வில்லியம்ஸ் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். இத்தகைய சிறிய கல்லூரிகளில் விளையாட்டுக்கு உதவித்தொகை கிடையாது. அங்கே நன்றாக ஆடினார். அதனால் மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது. கல்லூரி மாறியதால் ஓராண்டு போட்டியில் ஆட முடியவில்லை. பயிற்சி மட்டுமே செய்தார்.

சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிகளின் போட்டி என்.பி.ஏ. ஆண்டுதோறும் இந்த அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். 2018-ல் 60 பேரை எடுத்தார்கள். ராபின்சன் பெயர் அதில் இல்லை.

இனி வழி இல்லையா? உண்டு. அதுதான் ஜி லீக் என்ற சிறிய போட்டி. இது 2001-ல் 8 அணிகளுடன் தொடங்கியது. இங்கே சம்பளம் குறைவு. ஆனால் ஆட வாய்ப்பு அதிகம். பெரிய அணிகளும் இங்கே ஆள் தேடும்.

மியாமி அணி ராபின்சனைச் சேர்த்துக்கொண்டு, சூ ஃபால்ஸ் நகரின் சிறிய அணியில் ஆட அனுப்பியது. தூரத்திலிருந்து பந்து போட்டால் 3 புள்ளி. அதில் அவர் தேர்ந்தவர். 2019-20-ல் மியாமிக்காக 270 முறை அப்படிப் போட்டார். 2021-ல் அந்த அணி அவருடன் 5 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. தொகை 9 கோடி டாலர்.

பட்டியலில் பெயர் இல்லை. ஆனாலும் அவர் ஆடுவதை நிறுத்தவில்லை.