சீசர் முகத்துல ஒரு உளிவெட்டு

1842-ல நம்ம வெள்ளலூர்ல ஒரு புதையல் கிடைச்சுதுங்க. 500-க்கும் மேல ரோமானிய வெள்ளிக் காசு, அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்டது. ரோம் எங்கே, வெள்ளலூர் எங்கே? காங்கேயம் பக்கம் படியூர்ல கிடைச்ச நீலப்பச்சைக் கல்லுக்கு அங்கே அவ்வளவு மவுசு. பாலக்காட்டுக் கணவாய் தாண்டினா முசிறித் துறைமுகம்.

கொங்குல அதிகம் கிடைச்சது வெள்ளிதான். தங்கத்துக்குக் கிழக்கே போகணும். 1898-ல புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசு மொத்தமா கிடைச்சுது. இந்தக் காசுக்கு ஔரியஸ்னு பேரு. அகஸ்டஸ் காலத்துல எடை 8 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி, கிட்டத்தட்ட நம்ம ஒரு பவுன்!

அதுல பெரும்பாலான காசுல, பேரரசர் முகத்துக்குக் குறுக்கே உளியால ஒரு வெட்டு. முலாமான்னு சோதிச்சாங்கன்னு சிலர் சொல்றாங்க. அதுக்கு எங்கே வேணா கீறலாமே, ஏன் முகத்துலயே? இனி இது காசு இல்ல, எடை போட்டு வாங்குற தங்கம்னு காட்டத்தான் வெட்டினாங்கங்கிறது இன்னொரு கருத்து. எனக்கு அதுதான் சரின்னு படுது.

தோட்டத்துல கிணறு வெட்டும்போது இப்படி ஒண்ணு கிடைச்சா? நேரா பட்டறைக்குப் போய் உருக்கிட்டா தங்க விலை வரும். ஆனா அந்த வெட்டு, கூட இருந்த காசு, கிடைச்ச இடம், எல்லாக் கதையும் அழிஞ்சிடும். 1878 புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாய் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும். அரசு அதை எடுத்துக்கிட்டா, உலோகத்தோட மதிப்பு, அதுக்கு மேல ஐந்துல ஒரு பங்கு தரணும்னும் அதே சட்டத்துல இருக்கு. பட்டறைக்காரர் அவ்வளவு தர மாட்டாருங்க.