போடிமெட்டு ஏறும் பழைய ஜீப் ஏன் நீலப் புகை கக்குகிறது?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் பல ஆண்டுகள் அவற்றில் ஏறிய ஜீப், ஒருநாள் திணறி நீலப் புகை விடும். கறுப்பென்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலமென்றால் எரிவது என்ஜின் ஆயில்.

சைக்கிள் பம்பின் தோல் வாஷர் தேய்ந்தால், எவ்வளவு அழுத்தினாலும் காற்று பின்னால் நழுவும் அல்லவா? என்ஜினில் அந்த வாஷரின் வேலையைச் செய்வது, சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். அது தேய்ந்தால் அழுத்தம் கீழே கசியும், ஆயில் மேலேறி எரியும்.

புது ரிங் மட்டும் போதாதா? போதாது. சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கும். அதுவும் மேற்பகுதியில்தான் அதிகம். வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் உச்சம், ஆயிலோ குறைவு. வட்டம் கெட்ட துளையில் வட்டமான ரிங் பொருந்தாது.

ஆகவே வீட்டு முற்றத்தில் என்ஜினைப் பிரித்தாலும், சிலிண்டர் துளைகள் உள்ள பிளாக், லேத் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே துளையை அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனைத் தேர்வார்கள். பிறகு சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் இடப்படும். வழவழப்பான சுவரில் ஆயில் நிற்காது, கீறலில் தங்கும்.

புது ரிங்கைப் பொருத்தும்போது அதன் இரு முனைகளுக்கிடையே சிறு இடைவெளி அவசியம். சூட்டில் ரிங் நீளும். இடமில்லாவிட்டால் முனைகள் முட்டி உடையும். ஒரே பிஸ்டனில் அடுத்தடுத்துள்ள ரிங்குகளின் இடைவெளிகள் ஒரே நேர்கோட்டில் அமையவும் கூடாது. அமைந்தால் அழுத்தம் அவ்வழியே தப்பிவிடும்.