சிவப்புக் கண் விளைவு

சிவப்புக் கண் விளைவு என்பது, பிளாஷ் போட்டு எடுத்த வண்ண ஒளிப்படங்களில் மனிதர்களின் கண்பாவை கறுப்பாகத் தெரியாமல் சிவந்து ஒளிர்வதாகும். இது கேமராவின் பழுது அன்று; கண்ணில் நோய் இருப்பதன் அடையாளமும் அன்று. ஆனால் பாவை வெள்ளையாக ஒளிர்ந்தால் அது வேறு செய்தி. அதைக் கட்டுரையின் இறுதியில் காண்க.

ஏன் சிவக்கிறது?

பாவை என்பது கருவிழியின் நடுவிலுள்ள துளை. நல்ல வெளிச்சத்தில் சுமார் 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கும் இத்துளை, இருட்டில் 8 மி.மீ. வரை விரியக்கூடும். பிளாஷ் கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்னி மறைந்துவிடுவதால் பாவை சுருங்க அவகாசம் இல்லை. உள்ளே நுழைந்த ஒளி, விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ள கோராய்டு படலத்தில் பட்டுச் சிவந்து, வந்த வழியே திரும்புகிறது. பிளாஷும் லென்சும் மிக அருகில் இருந்தால் அந்த ஒளி நேராக லென்சுக்குள் வந்துவிடும். ஆகவேதான் சிறிய கேமராக்களில் இக்குறை அதிகம். பிளாஷைத் தனியே தள்ளிப் பிடித்தோ கூரையை நோக்கித் திருப்பியோ எடுக்கும் படங்களில் அரிது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கி வெளியிட்ட கண் பரிசோதனைக் கருவியும், பார்க்கும் திசையிலேயே ஒளியைச் செலுத்தி விழித்திரையைக் காட்டும் இதே முறையில்தான் இயங்குகிறது.

சில கேமராக்கள் படம் பிடிப்பதற்கு முன்பே ஓரிரு முறை மின்னிப் பாவையைச் சுருங்கவைக்கும். அறை விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவிடுவது அதைவிட எளிது.

திருத்தும் முறை

கணினியில் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். சிவந்த பாவையின் ஒரு புள்ளியில் சிவப்பு 190, பச்சை 40, நீலம் 45 என்று வைத்துக்கொள்வோம். நிறத்தை மட்டும் நீக்கிக் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் அப்புள்ளியின் ஒளிர்வு சுமார் 85 ஆகும். அது சாம்பல் நிறம். பாவை புகை படிந்ததுபோல் தோன்றும். புதிதாகப் பழகுபவர்கள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். மாறாக, சிவப்பின் எண்ணை எடுத்துவிட்டு, பச்சை, நீலம் இரண்டின் சராசரியான 42ஐ அந்த இடத்தில் வைத்தால் பாவை ஏறக்குறைய கறுப்பாகிவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கண்ணில் பிளாஷ் பட்டு மின்னும் வெள்ளைப் பொட்டில் மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாகவே உயர்ந்திருப்பதால், சராசரி வைத்தாலும் அது மாறாது. அந்தப் பொட்டு போய்விட்டால் கண் பொம்மையின் கண்போல் உயிரற்றுத் தெரியும். தூரிகையால் கறுப்பைப் பூசி மூடுவது ஆகாது என்பதற்கும் இதுவே காரணம்.

கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் சிவப்புக் கண் நீக்கும் வடிகட்டி உள்ளது. அதை இயக்குவதற்கு முன் பாவையை மட்டும் வட்டமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நெற்றிக் குங்குமமும் உதடும் சேர்ந்து நிறம் இழக்கும்! ஃபோட்டோஷாப்பில் இதற்கான கருவியைப் பாவையின்மீது சொடுக்கினால் போதும். பாவையின் அளவையும் கறுப்பின் அடர்த்தியையும் விழுக்காட்டில் மாற்றிக்கொள்ளலாம். நாய், பூனைகளின் கண்களில் இக்கருவிகள் பெரும்பாலும் பயன்படா. அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியை எதிரொளிக்கும் தனிப் படலம் இருப்பதால், கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். அங்கே நிறச்செறிவைக் குறைத்துக் கையால் கருமையாக்க வேண்டும்.

வெள்ளையாக ஒளிரும் பாவை

குழந்தையின் படத்தில் ஒரு கண் வழக்கம்போல் சிவந்தும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அதைத் திருத்தி அழித்துவிடக் கூடாது. பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் ஒளி பட்டால் நலமான கண்ணும் சில கோணங்களில் அப்படித் தெரிவது உண்டு. ஆனால் கண்புரையாலும், பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாலும் இவ்வாறு தோன்றலாம். இப்புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் உயிரையும், பல நேரங்களில் பார்வையையும் காப்பாற்ற முடிகிறது. வீட்டில் எடுத்த படத்தைப் பார்த்தே பெற்றோர் இதைக் கண்டுபிடித்த நிகழ்வுகள் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. சிவப்புக் கண்ணைத் தானாகவே நீக்கும் வசதி கேமராவில் இருந்தால், குழந்தைகளைப் படம் எடுக்கும்போது அதை நிறுத்திவைப்பது நல்லது. ஐயம் எழுந்தால், திருத்தாத மூலப் படத்துடன் குழந்தையைத் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.