துரும்பை ஈர்த்த விசை: பழைய நிலைமின் ஒலிபெருக்கிகளும் அவற்றை நிறுவும் முறையும்

அரபு மொழியில் மின்சாரத்திற்கு வழங்கும் சொல் 'கஹ்ரபா' என்பதாகும். அது பாரசீகத்திலிருந்து அரபிக்குச் சென்ற சொல். 'காஹ்' என்றால் வைக்கோல். 'ருபா' என்றால் கவர்ந்திழுப்பது. அம்பர் என்னும் தொன்மையான மரப்பிசினைத் துணியில் தேய்த்துத் துரும்பின் அருகே கொண்டு சென்றால், துரும்பு தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசினின் பெயரே பின்னாளில் மின்சாரத்தின் பெயராயிற்று. கிரேக்கர் அதே பிசினை 'எலெக்ட்ரான்' என்றனர். ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்தைக் குறிக்கும் சொற்கள் அதிலிருந்து பிறந்தன. இரு வேறு நாகரிகங்கள் ஒரே துரும்பைப் பார்த்துச் சொல் படைத்தமை மொழி மாணாக்கர் எண்ணி மகிழத்தக்கது. அவ்விசையின் அளவை 1785-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கூலோம் வகுத்துரைத்தார். துரும்பை ஈர்த்த அதே விசை மெல்லிய தாள் ஒன்றை அசைத்து மனிதக் குரலை மீட்டுத் தரும் கருவியைப் பற்றியதே இக்கட்டுரை.

தொடங்குமுன் சொல் பற்றி ஒன்று. தமிழில் 'ஒலிபெருக்கி' என்பதை ஒலியை வெளியிடும் பெட்டிக்கும், குறிப்பைப் பெருக்கும் கருவிக்கும் ஒருங்கே வழங்கிக் குழப்புகிறோம். ஈண்டு ஒலியை வெளியிடுவதை ஒலிபெருக்கி என்றும், அதற்கு ஆற்றலூட்டும் கருவியைப் பெருக்கி என்றும் கொள்வோம்.

நாம் எங்கும் காணும் ஒலிபெருக்கியில் காந்தத்தினிடையே ஒரு கம்பிச்சுருள் அசையும். அது காகிதக் கூம்பின் நடுப்பகுதியைத் தள்ளும். 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வகுத்த இம்முறையே இன்றளவும் பெருவழக்கு. அதன் குறை என்னவெனில், நடுவில் தள்ளப்படும் கூம்பின் விளிம்பு சற்றுப் பின்தங்கியே அசையும். மரப்பெட்டியும் தன் பங்குக்கு முனகும். நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. துளையிட்ட இரு மின்தகடுகளுக்கு நடுவே தலைமயிரினும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அத்தாளுக்கு உயர் மின்னழுத்தம் ஊட்டப்படும். பெருக்கியிலிருந்து வரும் குறிப்பு ஒரு மின்மாற்றியால் பன்மடங்கு உயர்த்தப்பட்டு இரு தகடுகளுக்கும் எதிரெதிராகச் செல்லும். ஒரு தகடு ஈர்க்க, மறு தகடு தள்ள, தாள் முழுவதும் ஒருசேர அசையும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தாளின் மேற்பூச்சு நன்கு மின்கடத்துவதாக இருந்தால், தாள் ஒரு தகட்டை நெருங்கும்போது கூடுதல் மின்னூட்டம் அங்கு பாயும். விசை சமன்குலைந்து ஒலி திரியும். ஆதலின் மிக மிக உயர்ந்த மின்தடை கொண்ட பூச்சே பூசப்படுகிறது. மின்னூட்டம் இடம்பெயர நேரமின்றி அங்கேயே தங்கிவிடும். விசை குறிப்புக்கு நேர்விகிதமாக அமையும். இக்கோட்பாட்டைக் கருவியாக்கி வெற்றி கண்டவர் இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் குவாட் நிறுவனத்தை நடத்திய பீட்டர் வாக்கர். 1955-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் இதுபற்றித் தொடர் கட்டுரை எழுதினார். 1957-இல் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1985 வரை அது செய்யப்பட்டது. பார்ப்பவர் அதனை அறையைச் சூடாக்கும் கருவியென்றே எண்ணுவர். கேட்டவர் அவ்வாறு எண்ணுவதில்லை.

இன்று இத்தகைய பழங்கருவி ஒன்று கைக்கு வந்தால் முதலில் நோக்க வேண்டியது அதன் மின்வழங்கலையே. ஒவ்வோர் ஒலிபெருக்கியையும் சுவரிலுள்ள மின்செருகியில் தனியே இணைக்க வேண்டும். உள்ளே டையோடுகளும் மின்தேக்கிகளும் படிக்கட்டுப் போல் அடுக்கப்பட்டு, படிக்குப் படி மின்னழுத்தத்தை ஏற்றும். குவாட்டில் நடுவிலுள்ள உச்சத்தொனிப் பலகைக்கு ஏறத்தாழ 1,500 வோல்ட்டும், இருபுறமும் உள்ள அடித்தொனிப் பலகைகளுக்கு ஏறத்தாழ 6,000 வோல்ட்டும் செல்லும். மின்னோட்டமோ மிகச் சொற்பம். கசிந்து போவதை ஈடுசெய்தால் போதும். எனவே மின்கட்டணம் பற்றிய அச்சம் வேண்டா. அஞ்ச வேண்டியது வேறு.

அச்சம் உயிர் பற்றியது. செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பலர் அறியாத மற்றோர் இடரும் உண்டு. சுவர்மின்சாரத்தைத் துண்டித்தாலும், பெருக்கி பாடிக்கொண்டிருக்கும் வரை உள்ளேயுள்ள ஒலி மின்மாற்றி ஆயிரக்கணக்கான வோல்ட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதன் பின்னால் பெருக்கியின் முழு ஆற்றலும் நிற்கிறது. ஆகவே பின்மூடியைக் கழற்றுமுன் இரண்டு இணைப்புகளையும் நீக்குக, நெடுநேரம் பொறுத்திருக்க, பின்னர் உயர்தடை பொருத்திய மின்நீக்குக் கோலால் எஞ்சியதை நிலத்திற்கு இறக்குக. தனியாக இருக்கையில் இவ்வேலையில் இறங்க வேண்டா. வானொலி பழுதுபார்க்கத் தெரிந்த மாணவர் எவரேனும் 'எனக்குத் தெரியும்' என்று துணிவாராயின், அவரைத் தடுப்பது ஆசிரியர் கடமை என்பேன்.

சாதாரணப் பன்னோக்கு மின்அளவியால் இம்மின்னழுத்தத்தை அளக்க முனைதலும் வீண். அளவி தாங்காது என்பது ஒருபுறம். அளவியே மின்னூட்டத்தைக் குடித்துவிடுவதால் எண் பொய்யாக இருக்கும் என்பது மறுபுறம். அதற்கெனச் செய்த உயர்மின்னழுத்தத் துழாவியே தேவை.

மின்வழங்கல் நலிந்ததற்கு அறிகுறி என்ன? ஓர் ஒலிபெருக்கி மற்றதைவிட மெலிந்து ஒலிக்கும். அல்லது மாலையில் இணைத்தால் இரவு உணவு முடிந்த பின்னரே முழுக் குரல் எடுக்கும். முதலில் பெருக்கியின் இடவலக் கம்பிகளை மாற்றி இணைத்துப் பாருங்கள். மெலிவு இடம் மாறினால் குற்றம் பெருக்கியினது. மாறாவிடின் ஒலிபெருக்கியினது, அடுக்கில் ஒரே ஒரு டையோடு கசிந்தாலும் மேற்படிகள் அனைத்தும் தளரும். அமைதியில் 'உஸ்' என்ற இரைச்சலோ வெடிப்போ கேட்டால், தூசு காப்புத்தாள் கிழிந்து உள்ளே தூசு புகுந்திருக்கலாம், அல்லது ஈரம் ஏறியிருக்கலாம். மின்னூட்டம் பெற்ற தாள் துரும்பை ஈர்க்காமல் விடுமா!

சுவர்மின்னழுத்தத் தெரிவையும் மறவற்க. 240 வோல்ட்டுக்கு அமைத்த கருவிக்கு 220 வந்தால் உள்ளே 6,000 என்பது 5,500 ஆகும். குரல் சற்றுத் தணியும், அவ்வளவே. ஆனால் 200-க்கு அமைத்ததற்கு 240 வந்தால் 7,200 ஆகிப் பலகையில் பொறி பறக்கும். பெருக்கி பெரிதானால் நல்லது என்ற எண்ணமும் இங்கு ஆகாது. வாக்கர் தம் 15 வாட் வால்வுப் பெருக்கியை மனத்தில் கொண்டே இதனை வகுத்தார். இவ்வொலிபெருக்கி தாங்கும் உச்சம் 33 வோல்ட். 8 ஓம் கணக்கில் 100 வாட் தரும் பெருக்கி 40 வோல்ட் வரை எழும்பும். உச்சத்தொனிப் பலகை எரிந்துபோகும்.

இனி, வைக்கும் இடம். இதன் தாள் முன்னும் பின்னும் ஒருங்கே ஒலிக்கும். எனவே பின்சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் முன்னே நகர்த்தி, கேட்பவரை நோக்கிச் சற்றுத் திருப்பி வைத்தல் வேண்டும். முன்னலை தள்ளும்போது பின்னலை இழுப்பதால், நீண்ட அலைகள் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். பலகையோ ஒரு மீட்டருக்கும் குறைவு. அடித்தொனி மெலிவதன் காரணம் இதுவே. சப்வூஃபர் என்னும் அடித்தொனி ஒலிபெருக்கியைத் துணைக்கு அழைப்பதும் இதனாலேதான்.

துணை சேர்ப்பது எளிதன்று. சப்வூஃபர் 'மெதுவானது', நிலைமின் தாள் 'விரைவானது' என்பர். அது முழு உண்மையன்று. பெட்டியிலிருந்து எழும் அடித்தொனி நாற்புறமும் பரவி அறையின் மூலைகளை முழக்குகிறது. நிலைமின் பலகை பக்கவாட்டில் ஒலிப்பதே இல்லை. இரண்டும் அறையோடு உறவாடும் விதம் வேறு. இதனை உணர்ந்தே பின்லாந்தின் கிரேடியன்ட் நிறுவனம் குவாட்டுக்கெனப் பெட்டியில்லாத சப்வூஃபர்களைச் செய்தது. சாதாரண மூடிய பெட்டியே உள்ளதெனில், அதனை நீங்கள் அமரும் இடத்தில் வைத்து இசைக்கவிட்டு, அறையைச் சுற்றி நடந்து கேளுங்கள். எங்கு நின்றால் அடித்தொனி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். பிரிப்பு அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும்; அதற்குக் கீழுள்ளவை நிலைமின் பலகைக்குச் செல்லாதவாறு பெருக்கிக்கு முன்பே வடிகட்டி அமைத்தால் தாளின் சுமையும் குறையும்.

இணைப்புச் சரியா என்று சோதிக்க முழவும் பேரிகையும் வேண்டியதில்லை. ஓர் ஆண் காரீயின் கிராஅத் ஒலிப்பதிவு போதும். ஆண்குரலின் அடித்தொனி பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேலேயே அமையும். சப்வூஃபரை அணைத்துக் கேளுங்கள். பிறகு இயக்கிக் கேளுங்கள். ஓதுபவரின் குரலில் வேறுபாடு ஏதும் தோன்றலாகாது. மார்பிலிருந்து ஒரு குரலும் வாயிலிருந்து ஒரு குரலுமாகப் பிரிந்து கேட்டால் பிரிப்பு அதிர்வெண்ணை இறக்குங்கள், அல்லது சப்வூஃபரின் ஒலியளவைக் குறையுங்கள். பின்னர் 80 ஹெர்ட்ஸ் சோதனைத்தொனி ஒன்றை இசைத்து, சப்வூஃபரின் கம்பிமுனைகளை ஒருமுறை மாற்றிப் பார்த்து, எந்நிலையில் தொனி உரத்துக் கேட்கிறதோ அந்நிலையிலேயே விட்டுவிடுங்கள்.