மாமிசம் சேராத பாஸ்டன் பீன்ஸ் பக்குவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியில் நியூ இங்கிலாந்து என்று வழங்கும் ஆறு ராஜ்யங்கள் இருக்கின்றன. அவற்றுள் பிரதான நகரமாகிய பாஸ்டனுக்கு 'பீன்ஸ் பட்டணம்' என்று ஒரு பரிகாசப் பெயர் உண்டு. உலர்ந்த வெள்ளை பீன்ஸ் விதைகளைக் கரும்புப் பாகுடனும் கடுகுடனும் மண் ஜாடியிலிட்டு, ரொட்டி அடுப்பின் தணிந்த சூட்டில் நெடுநேரம் வைத்துப் பக்குவம் செய்யும் பதார்த்தமே இப்பெயருக்குக் காரணம். உப்பிட்ட பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்றை இதில் சேர்ப்பது அந்நாட்டாரின் பழைய வழக்கம். அதனை நீக்கியும் சுவை குன்றாமல் இதனைச் செய்யும் விதத்தையும், செய்கையில் அறியாமையால் நேரக்கூடிய இரண்டு தவறுகளையும் இங்கே விவரிக்கிறோம். அவ்விரண்டில் ஒன்று பண்டத்தைக் கெடுக்கும். மற்றொன்று உண்பவரைக் கெடுக்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் அப்பிரதேசத்தில் குடியேறிய பியூரிட்டன் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் சனிக்கிழமை அஸ்தமனம் முதலே ஓய்வுநாள் தொடங்குவதாகக் கொண்டு, அந்நேரத்தில் வீட்டு வேலைகளை விலக்கி வந்தனர். ஆகையால் சனிக்கிழமை பகலிலேயே ஜாடியை அடுப்பில் வைத்து, அன்றிரவு உண்டு, மிகுந்ததை மறுநாட் காலையிலும் உண்டனர். செங்கல்லாற் கட்டிய அடுப்பு ஒருமுறை நன்றாய்ச் சூடேறினால் மெல்ல மெல்லவே ஆறும். இரண்டாம் முறை விறகிட வேண்டியதில்லை. சமய நியமம் தளர்ந்த பின்னரும் சனிக்கிழமை இரவில் பீன்ஸ் உண்ணும் பழக்கம் பல குடும்பங்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இதிற் சேரும் மொலாஸஸ் என்பது, கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கறுத்த பாகு. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அது பாஸ்டன் துறைமுகத்தில் ஏராளமாக வந்திறங்கியது. பெரும்பகுதி ரம் என்னும் சாராயமாக வடிக்கப்பட்டது. அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் என்பதை, இப்பதார்த்தத்தின் இனிப்பைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை. 1919-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி அந்நகரில் மொலாஸஸ் நிரம்பிய பெருந்தொட்டி ஒன்று வெடித்துத் தெருக்களில் பாகு வெள்ளமாய்ப் பாய்ந்ததில் 21 பேர் மாண்டனர்.

இதற்குரிய விதை, நாம் பச்சைக் காயாகக் கறி சமைக்கும் பீன்ஸ் செடியின் ஓரினத்தில் முற்றி உலர்ந்த வெள்ளை விதையாகும். பட்டாணியைவிடச் சற்றே பெரியது, முட்டை வடிவமுள்ளது. அமெரிக்கக் கடற்படையாருக்குப் படியாக அளிக்கப்பட்டு வந்தமையால் நேவி பீன்ஸ் என்ற பெயர் பெற்றது. 100 கிராம் உலர்ந்த விதையில் சுமார் 22 கிராம் புரதச்சத்து இருக்கிறது. விதை வாங்கும்போது அவ்வருஷத்து அறுவடையைக் கேட்டு வாங்குதல் நலம். வெப்பமும் ஈரமுமுள்ள இடத்தில் பலகாலம் கிடந்த விதை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் குழையாது.

ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் விதையைப் பொறுக்கிக் கழுவி, அதைப்போல் மூன்று பங்கு நீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். அந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி உப்புச் சேர்த்தால் தோல் மிருதுவாகும். உப்புச் சேர்த்தால் விதை வேகாதென்று பலர் எண்ணுவது சரியன்று. விதைத் தோலைக் கெட்டிப்படுத்தி நிற்கும் சுண்ணச்சத்தை உப்பிலுள்ள சோடியம் அப்புறப்படுத்துகிறது. காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு விதையைக் கழுவுக. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும்.

இனிச் சொல்வதே யாவற்றிலும் முக்கியமானது. பீன்ஸ் விதையில் இயற்கையாகவே ஒரு நச்சுப்புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் அது மிக அதிகம். வெள்ளை இனங்களில் குறைவு. வேகாத சிவப்பு விதை நான்கைந்து தின்றாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் குமட்டலும் கடும் வாந்தியும் பேதியும் காணக்கூடும். நன்றாய்க் கொதிக்கும் நீரில் பத்து நிமிஷத்தில் இந்நஞ்சு அழியும். விதை முழுவதும் சூடேறிற்று என்ற நிச்சயத்திற்காக அரைமணி நேரம் கொதிக்கவிடும்படி நிபுணர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் கொதிநிலைக்கு எட்டாமல், சென்டிகிரேட் 80 டிகிரி அளவில் மட்டும் வெதுப்பிக் கொண்டிருந்தால் நஞ்சு அழியாததோடு, பச்சை விதையில் இருப்பதைவிடப் பலமடங்கு உக்கிரமடைவதும் உண்டு. தணிந்த சூட்டில் நெடுநேரம் வைப்பதே இப்பதார்த்தத்தின் தன்மையாதலால், ஊறிய விதையை நேரே ஜாடியிலிட்டு அடுப்பில் வைப்பவர் தம்மையறியாமல் இந்த அபாயத்தில் சிக்குகிறார். மின்சாரத்தால் மெதுவாய்ச் சமைக்கும் பாத்திரங்களுக்கும் இது பொருந்தும். எந்த இன விதையாயினும், புது நீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே மற்ற வேலை.

கொதித்தபின் தீயைத் தணித்து, விதை மிருதுவாகும்வரை மேலும் முக்கால் மணி அல்லது ஒருமணி நேரம் வேகவிடுக. பதம் அறிவதற்கு நியூ இங்கிலாந்துப் பெண்கள் ஒரு பரீட்சை வைத்திருந்தனர். நான்கு விதைகளைக் கரண்டி நுனியிலெடுத்து வாயால் ஊதினால் தோல் வெடித்துச் சுருள வேண்டும். 1896-ம் வருஷம் பானி பார்மர் என்ற மாது வெளியிட்ட பாஸ்டன் சமையற் பள்ளி நூலிலும் இந்தப் பரீட்சை காணப்படுகிறது. மாமிசம் சேராத முறையில் விதை இன்னும் சற்று அதிகமாக வெந்திருத்தல் நல்லது. விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும்.

இவ்வளவு வேகவைத்தபின் அடுப்பில் மேலும் பல மணி நேரம் வைத்தால் கூழாகிவிடாதோ என்று கேட்கலாம். ஆகாது. மொலாஸஸிலுள்ள சுண்ணச்சத்தும் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து விதையைக் கட்டுக்குலையாமல் நிறுத்திவிடுகின்றன. அதே காரணத்தால், வேகுமுன் பாகையோ தக்காளியையோ காடியையோ சேர்த்துவிட்டால் விதை அந்த நிலையிலேயே நின்றுவிடும். நாமே முதன்முறை எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டி ஆறு மணி நேரம் அடுப்பெரித்தோம். சாறு தேன்போல் வந்தது. விதை கூழாங்கல்லாய் இருந்தது. விறகு போனதுதான் மிச்சம்.

இனி, பன்றிக் கொழுப்பு செய்துவந்த வேலை யாதெனில், எண்ணெய்ப் பசை, உப்பு, புகை மணம் ஆகிய மூன்றையும் தருவதே. இவற்றை வேறு பொருள்களால் எளிதில் ஈடுசெய்யலாம். பெரிய வெங்காயம் இரண்டை நறுக்கி மூன்று மேஜைக்கரண்டி எண்ணெயில் பொன்னிறம் கடந்து பழுப்பேறும்வரை வதக்குக. இதில் அவசரப்படலாகாது, மாமிசத்தின் குறையை நிரப்புவது பெரும்பாலும் இந்த வதக்கலே. அதனுடன் மொலாஸஸ் நான்கு அவுன்ஸ், பழுப்புச் சர்க்கரை இரண்டு மேஜைக்கரண்டி, கடுகுப்பொடி ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சிறிது மிளகுப்பொடி சேர்க்க. மொலாஸஸ் அகப்படாத இடத்தில் கறுத்த வெல்லத்தைக் கெட்டிப் பாகாக்கிச் சேர்க்கலாம். வெல்லத்தில் அந்தப் பாகு பிரிக்கப்படாமலே தங்கியிருக்கிறதல்லவா? புகை மணம் வேண்டுவோர் புகையூட்டிய மிளகாய்ப் பொடி ஒரு தேக்கரண்டி இடுக. இங்கிலாந்தில் டப்பாக்களில் விற்கும் பீன்ஸ் தக்காளிச் சாறு சேர்ந்தது. அச்சுவை விரும்புவோர் காய்ச்சிக் குழம்பாக்கிய தக்காளி இரண்டு மேஜைக்கரண்டி சேர்த்து, பாகைப் பாதியாகக் குறைத்துக் கொள்ளலாம். டப்பாவில் வருவது பெயரளவிலேதான் அடுப்பில் வாட்டியது; உண்மையில் மூடிய டப்பாவுக்குள் நீராவியின் அழுத்தத்தால் வேகவைக்கப்படுகிறது. வீட்டில் செய்ததன் கறுத்த நிறமும் கெட்டியான சாறும் அதற்கு வருவதில்லை.

வெந்த விதையையும் இக்கூட்டையும் ஜாடியில் கலந்து, விதை வெந்த நீரையே சூடாக ஊற்றி மூழ்கச் செய்க. வழக்கமான ஜாடி பருத்த வயிறும் குறுகிய வாயும் உடையது. வாய் குறுகியிருப்பதால் நீர் சீக்கிரம் வற்றுவதில்லை. மூடியிட்டு, 300 டிகிரி பாரன்ஹீட், அதாவது சென்டிகிரேட் 150 டிகிரி சூட்டில் நான்கு அல்லது ஐந்து மணி நேரம் வைத்திருக்க வேண்டும். மணிக்கொருமுறை பார்த்து, மேல்விதை வெளியே தெரிந்தால் கொதிநீர் விடுக, தண்ணீர் விடலாகாது. கரண்டியிட்டுக் கிளறவும் கூடாது. கடைசி ஒரு மணிக்கு மூடியை எடுத்துவிட்டால் மேற்புறம் கறுத்துச் சாறு இறுகும். இறக்கியபின் ஒரு கரண்டி காடி விட்டால் தித்திப்பு திகட்டாது.

ரொட்டி அடுப்பு இல்லாதவர் கனத்த இரும்புப் பாத்திரத்தில் வைத்து, கீழே சிறு தணலும் மூடியின்மேல் தணலும் இட்டுச் செய்யலாம். மேய்ன் ராஜ்யத்தில் காடு வெட்டும் கூலியாட்கள் குழி தோண்டிக் கற்பாவி, அதில் விறகெரித்துத் தணலாக்கி, பாத்திரத்தை இறக்கி, மண்ணால் மூடி இரவெல்லாம் விட்டுவைத்து வந்தனர்.

பாஸ்டன் நகரத்தார் இதனுடன் ரை, சோளம், கோதுமை மாவுகளில் மொலாஸஸ் கலந்து ஆவியில் அவித்த பழுப்பு ரொட்டியை உண்டனர். இது ருசிக்காக மட்டும் அமைந்ததன்று. பீன்ஸின் புரதத்தில் குறைவுபட்ட பகுதி தானியத்தில் இருக்கிறது. தானியத்தில் குறைவுபட்டது பீன்ஸில் இருக்கிறது. நாம் சோற்றுடன் பருப்பைச் சேர்ப்பதும் இதே பொருத்தம்தான். பன்றிக் கொழுப்பை நீக்கியதால் புரதம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் கொழுப்பே.

மிகுந்ததை ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். மறுநாள் ருசி கூடும். கடைகளில் டப்பா வருவதைப் பார்த்து, வீட்டிலும் புட்டியிலடைத்து மூடி மாதக்கணக்கில் வைக்க எவரும் முயலலாகாது. காற்றுப்புகாத புட்டிக்குள் பொட்டுலிசம் என்னும் உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். அதன் வித்துக்கள் வெறுங்கொதிநீரில் சாவதில்லை. அதற்கென அமைந்த அழுத்தப் பாத்திரத்தில் 240 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் குறித்த நேரம் வைத்தாலன்றி ஒழியா.