தைலமரத்து இலைக்குள்ளே என்ன இருக்கு?

கண்டாச்சிபுரம் பக்கத்துத் தோப்புகளில் தைலமர இலையைக் கசக்கி மோந்து பார்த்திருக்கீங்களா? ஊட்டித் தைலத்தின் வாசனைதான், ஆனால் அந்தக் காரம் இருக்காது.

காரணம் எளிது. நீலகிரியில் தைலம் காய்ச்சுவது யூக்கலிப்டஸ் குளோபுலஸ் இலையில். 1843 வாக்கில் அங்கே நடப்பட்ட ஆஸ்திரேலிய மரம் அது. நம்ம சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்ப்பது பெரும்பாலும் டெரிட்டிகார்னிஸ் இனமும் அதன் கலப்புகளும். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

அந்தச் சரக்கின் பெயர் சினியோல். 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் சேர்ந்த சின்ன மூலக்கூறு. மருந்துத் தரத் தைலத்தில் இது குறைந்தது 70 சதவீதம் இருக்கணும் என்கிறது ஐரோப்பிய மருந்து நூல்.

சினியோல் கொதிப்பது சுமார் 176 டிகிரியில். ஆனால் தைலம் காய்ச்சுகிற இடத்தில் அவ்வளவு சூடு ஏற்றுவதில்லை, இலைக்குள் நீராவியை விடுகிறார்கள், அவ்வளவுதான். தண்ணீரும் எண்ணெயும் கலக்காதவை, அதனால் இரண்டும் தனித்தனியே ஆவியழுத்தம் தரும். இரண்டையும் கூட்டினால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே காற்றழுத்தத்தை எட்டிவிடும். ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும், வழித்து எடுத்துக்கலாம்.

மூக்கில் குளிர்ச்சி ஏன்? உண்மையில் எதுவும் குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்பு வாயில் ஒன்றை இந்த மூலக்கூறு தட்டி எழுப்புது. புதினா உப்பும் அதே வாயிலைத்தான் தட்டுது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சின்ன மூலக்கூறு, கொழுப்பில் கரையும். அதனால் விழுங்கினால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். சில மில்லி குடித்ததிலேயே குழந்தைகளுக்கு மயக்கமும் வலிப்பும் வந்திருக்கு. கற்பூரமும் இதே குணம்தான். "இயற்கைதானே, என்ன செய்யும்"னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும். கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தைலம் தடவாதீங்க, மூச்சே திணறலாம். குழந்தை தவறிக் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

தைல பாட்டில் வீட்டில் இருக்கட்டும், ஆனால் மேல் தட்டில்.