டூர் பஸ்ல நாம பாடுற ‘சுராங்கனி’ எங்கிருந்து வந்தது? ஈழத்துப் பொப் இசை எழுந்து அடங்கிய கதை

துவாக்குடி டோல்கேட்டைத் தாண்டுறதுக்குள்ள, காலேஜ் டூர் பஸ்ல யாராவது ஒருத்தர் ‘சுராங்கனி’யை ஆரம்பிச்சுடுவாங்க. பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் பஸ்ஸே சேர்ந்து கை தட்டும். சுராங்கனி ஒரு பெண்ணோட பெயர். பாட்டுல வர்ற ‘மாலு’ன்னா சிங்களத்துல மீன். அவளுக்கு மீன் கொண்டு வந்த கதைதான் பாட்டு.

தமிழும் சிங்களமும் கலந்த இந்தப் பாட்டைத் தமிழ் ரசிகர்களிடம் கொண்டு சேர்த்தவர் ஏ.இ.மனோகரன். ‘சிலோன் மனோகர்’னு சொன்னா நம்ம ஊர் பெரியவங்களுக்குச் சட்டுன்னு தெரியும்.

பொப் இசைன்னா என்ன?

நாம ‘பாப்’னு எழுதுறதை இலங்கைத் தமிழர்கள் ‘பொப்’ என எழுதுவாங்க. 1960களின் பிற்பகுதியில் அங்கே இளைஞர்கள் கிட்டாரும் பொங்கோவும் வச்சுக்கிட்டு, பேச்சுத் தமிழிலேயே பாட்டுக் கட்டத் தொடங்கினாங்க. அதன் துள்ளல் தாளம் ‘பைலா’வில் இருந்து வந்தது. 1505-ல் இலங்கைக்கு வந்த போர்ச்சுகீசியர்களும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுச் சென்ற ஆட்டப்பாட்டு அது.

எப்படி ஹிட் ஆச்சு?

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ரெண்டும் வீட்டுப் பேச்சு மாதிரியே இருந்தன. திருகோணமலையில் பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் கலக்கினாங்க. சினிமா இல்லாமலேயே ஒரு தமிழ்ப் பாட்டு ஹிட் ஆகலாம்னு காட்டினது இவங்கதான். மேடைக் கச்சேரியும் இலங்கை வானொலியும் இருந்தாலே போதும். அந்த வானொலி திருச்சி வரைக்கும் தெளிவா கேட்கும்.

1977-ல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் ‘சுராங்கனி’ இடம்பிடித்தது. அதன் பிறகு அது நம்ம ஊர்ப் பாட்டு மாதிரியே ஆயிடுச்சு.

ஏன் அடங்கியது?

முதல் காரணம் சந்தை. அதே 1977-ல் இலங்கை தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. கேசட்டும் வந்தது, அதோடு தமிழ் சினிமாப் பாட்டும் பெருசா உள்ளே வந்தது. உள்ளூர் பாடகர்களால் அதோடு போட்டி போட முடியல.

அடுத்த அடிதான் பெரியது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. தொடங்கிய போர் 2009 வரை நீடித்தது. விடிய விடிய மேடைக் கச்சேரி நடத்தணும்னா, ஜனங்க ராத்திரியில பயமில்லாம வெளியே வரணும். ஊரடங்கு போட்ட ஊர்ல அது நடக்குமா? ரெண்டு மொழியையும் ஒரே பாட்டில் கலந்து சிரிக்கிற மனநிலையும் அதோட போச்சு.

கலைஞர்கள் சிதறினாங்க. நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியா போனார். மனோகரன் சென்னையில் குடியேறி, சினிமாவில் வில்லனாகவும் சின்னத்திரை நடிகராகவும் வலம் வந்தார். 2018 ஜனவரி 22-ல் தன் 73-வது வயதில் சென்னையிலேயே காலமானார்.

இப்போ என்ன மிச்சம்?

பாட்டு மிச்சம். அதைக் கேட்டு வளர்ந்த மக்களில் ஒரு பகுதியினர் நமக்குப் பக்கத்திலேயே இருக்காங்க. துவாக்குடிக்கு அருகில் வாழவந்தான்கோட்டையில் இருப்பது இலங்கைத் தமிழர் முகாம். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021-ல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்கள் சேர்க்கப்படவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூட முகாம்வாசிகளாகத்தான் இருக்காங்க.

‘சுராங்கனி’யை நாம எப்பவோ நம்ம பாட்டா சேர்த்துக்கிட்டோம். அதை நம்மோட சேர்ந்து பாடக்கூடியவங்க மட்டும் இன்னும் வெளியிலேயே காத்திருக்காங்க.